தேதி போட்ட வானம்

வானத்தைப் படம் பிடித்து, சட்டம் போட்டு, அடுத்தவர் வீட்டு சோபாவுக்கு மேலே மாட்ட விற்பது என் தொழில். கேட்கிறவர்களுக்கு ஏதோ ரிஷி மாதிரி வாழ்கிறவன் என்று தோன்றும். அதெல்லாம் ஒன்றுமில்லை. ராசிபுரத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் திட்டு வாங்கினேன். இப்போது கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்டீரியர் டிசைனர்களிடம் வாங்குகிறேன். ஆறு வருஷத்தில் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

நான் விற்பதெல்லாம் நெபுலா. வான்வெளியில் மிதக்கிற வாயுவும் தூசியும். வெறும் கண்ணுக்கு ஒரு அழுக்குத் திட்டு மாதிரி தெரியும், அதுவும் இருட்டு நன்றாக இருந்தால். கேமராவைத் தொலைநோக்கியில் பூட்டி, நிலா இல்லாத பல ராத்திரிகளில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அது பூ மாதிரி விரியும். அந்த அழகில் மயங்கித்தான் ஸ்டுடியோவை மூடினேன். வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, தலையாட்டல் மட்டும் என்னோடு மலையேறி வந்துவிட்டது.

தொழில் பெருமை பேச இதை எழுதவில்லை. ஒரு படத்தின் கீழே நான் போட்ட பொய்த் தேதி, ஒரு நல்ல மனுஷனை அவர் சொந்தபந்தங்களின் நடுவில் பொய்யராக்கிவிட்டது. அதைச் சொல்லித் தீர்க்க வேண்டும். சிரிக்கிற சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சிரிப்பு வராது.

திரைச்சீலைக்குப் பொருத்தம்

சேலத்தில் புதுவீடு கட்டிய ஒரு டீச்சரம்மா, ஓரியன் நெபுலாவை ஐந்தடி அகலத்தில் கேட்டார். மார்கழி வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பது. இயல்பில் ரோஸ் நிறம். வடகிழக்குச் சுவரில் சிவப்புச் சாயல் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டாராம். நீலமாக்கிக் கொடுத்தேன். நீலம் சோபாவுக்குச் சரி, திரைச்சீலைக்கு இடிக்கிறது என்றார். கொஞ்சம் பச்சை கலந்தேன். நெபுலாவின் நிறத்தில் பாதி வேலை ஃபில்டரும் கம்ப்யூட்டரும் செய்வதுதான் என்பதால் மனசாட்சி பெரிதாக உறுத்தவில்லை. ஆல்பத்தில் எத்தனை மாப்பிள்ளைகளை வெளுப்பாக்கிய கை இது!

படம் மாட்டி ஒரு மாதம் கழித்து மறுபடி போன் வந்தது. குரலில் உண்மையான வருத்தம். அவர் கேட்டதையும் செய்து கொடுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், கம்ப்யூட்டரில் அது சுலபம். அவர் கேட்டது இதுதான்: "வேலைக்கு வர்ற அம்மா தூசின்னு நெனச்சு தினமும் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறாங்க, போகவே மாட்டேங்குதாம். கொஞ்சம் நட்சத்திரத்தக் கம்மி பண்ணிக் குடுங்களேன்."

தேதி வந்த கதை

மலைமேலேயே, செம்மேட்டில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் முதலாளி வரவேற்பறையில் என் படங்களை மாட்டி, வருகிறவர்களுக்கு விற்றுக் கொடுப்பார். அங்கே நாமக்கல்லில் இருந்து புதுக் கல்யாண ஜோடி ஒன்று வந்து தங்கியது. தன் கல்யாணத்தன்று ராத்திரி எடுத்த நெபுலாதான் வேண்டும் என்று பெண் பிடிவாதம். நான் வாத்தியார் மாதிரி விளக்கினேன். நம் ஆயுசில் நெபுலா ஒரு நூல்கூட மாறாது, நேற்று எடுத்தாலும் உங்கள் கல்யாணத்தன்று எடுத்தாலும் ஒன்றுதான், அதோடு இந்தப் படமே ஒரு ராத்திரியில் எடுத்தது கிடையாது, பதினோரு ராத்திரி சேர்ந்தது என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், எல்லா நாளும் ஒன்றுதான் என்றால் நாங்கள் சொல்கிற நாளைப் போட்டுத் தொலைப்பதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டான்.

படத்தின் கீழே சின்ன எழுத்தில் 'கொல்லிமலை' என்றும், அவர்கள் கல்யாணத் தேதியும், 'நான்கு மணி நேர வெளிச்சம்' என்றும் போட்டேன். அந்த நான்கு மணி நேரம் எதற்கு என்றால், பார்க்க நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு தேதியில்லாத படத்தை யாரும் சீந்தவில்லை. குழந்தை பிறந்த நாள், வீட்டில் பால் காய்ச்சிய நாள், பையனுக்கு டாக்டர் சீட் கிடைத்த நாள் என்று வரிசையாக வந்தார்கள். நானும் எனக்கென்று ஒரு யோக்கியதை வைத்துக்கொண்டேன். மார்கழித் தேதிக்கு மார்கழியில் தெரிகிற நெபுலா, வைகாசித் தேதிக்கு வைகாசியில் தெரிகிற நெபுலா. மாதம் நிஜம், தேதி மட்டும் இரவல்.

அந்த முதல் படத்தை வாங்கிய பெண், தேதியின் மேல் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னாள்: "இப்பத்தாங்க இது எங்க படம்."

ஆணி அடிப்பவர் கேட்டது

சேலத்தில் எனக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பவர் ரஃபீக் பாய். ஒரு தடவை நான் கொடுத்த கட்டுக்குள் ஒரே நெபுலா நான்கு பிரதி, நான்கிலும் நான்கு தேதி. பாய் நான்கையும் பலகை மேல் வரிசையாக வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். நான் என் விளக்கத்தை எடுத்து விட்டேன். நெபுலா மாறாது, அது மாறாது, இது மாறாது. அவர் சட்டத்தின் மூலையில் ஆணியை வைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "சட்டம் கோணுனா எங்கழுத்தப் புடிப்பாங்க தம்பி. எழுத்து கோணுனா யார் கழுத்தப் புடிப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

எழுபது வளைவு

பாயிடமிருந்து படங்களை மலைக்கு ஏற்றி வருபவர் பொன்னுசாமி அண்ணன். சொந்தமாக ஒரு மினி லாரி. இறங்கும்போது அன்னாசியும் வாழைத்தாரும் மரவள்ளியும் போகும், ஏறும்போது என் நெபுலாக்கள் வரும். நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவு. இத்தனை வருஷத்தில் என் கண்ணாடி ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. மெதுவாகத்தான் ஓட்டுவார். பின்னால் வரும் பைக் பையன்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, முந்தும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். மனுஷன் அசைய மாட்டார்.

அவர் மனைவி பாப்பாத்தி அக்காவுக்கு ஒரு கார்த்திகை மாத ராத்திரி நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வருவதற்குள் நாமே இறங்கிவிடலாம் என்று, வண்டியின் பின்னால் மெத்தை விரித்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, துணைக்குப் பக்கத்து வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று அங்கே யாரோ சொன்ன ஒரு சொல், அக்காவின் அண்ணன், பெரியண்ணன் என்று பேர், அவர் காதுக்குப் போய்விட்டது. எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிறவர், அப்போது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் வந்து இறங்கியவர் தங்கை முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, மாப்பிள்ளை சட்டையைப் பிடித்தார். ஆமை மாதிரி ஓட்டிக் கொன்றுவிட்டான் என்றார்.

வழியெல்லாம் மஞ்சு என்று பொன்னுசாமி அண்ணன் சொன்னார். மூடுபனிக்கு மலையில் அதுதான் பெயர். தார்ப்பாய்க்குள் இருந்த பக்கத்து வீட்டம்மாவோ, மஞ்சு தெரியாது, வண்டி நின்று நின்று போனது மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் பாதகமாகப் போனது. ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வளைவில் கை தெரியாத மஞ்சு இருக்கும், அடுத்த வளைவில் சுத்தமாக இருக்காது, மலை அப்படி. பெரியண்ணன் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். பொன்னுசாமி அண்ணனுக்கு இருந்ததெல்லாம் அவர் வாய்ச்சொல் ஒன்றுதான். படம் இறக்க வரும்போதெல்லாம் என்னிடமும் அதையே சொல்வார்: "வண்டி மூக்கே தெரியலீங்க தம்பி. ஒவ்வொரு வளைவுலயும் எறங்கி, நடந்து பாத்துட்டு வந்து வந்துதான் ஓட்டுனேன்."

பத்து நிமிஷ வேலை

அவர்களுக்கு ஒரே மகள் சுதா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அக்கா போய் ஒரு வருஷம் ஆகப்போகும்போது எனக்கு போன் செய்தாள். தோழி வீட்டில் தேதி போட்ட என் படத்தைப் பார்த்தாளாம். அம்மா போன ராத்திரி வானம் எப்படி இருந்ததோ அது வேண்டும், திதி நாளன்று நடக்கும் வருஷக் கும்பிடுக்கு அப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்றாள். காசு என்ற பேச்சே எடுக்காதே கண்ணு என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தேன். கார்த்திகைக்கு ஓரியன். கீழே கொல்லிமலை, தேதி, நான்கு மணி நேர வெளிச்சம். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

ஒவ்வொரு ராத்திரியும் வானம் எப்படி இருந்தது என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். தொழிலுக்கு அது வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது அந்த நோட்டு. எடுத்துப் புரட்டவில்லை. மஞ்சு, மஞ்சு என்று அந்த மனுஷன் என் வாசலிலேயே நின்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நான் ரோட்டோடு சேர்த்துத்தான் கேட்டிருந்தேன், வானத்தோடு சேர்த்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கீழே இருந்த எழுத்தை உதடு அசையப் படித்தார். அன்றைக்கு மேலே இவ்வளவு தெளிவாகவா இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். தப்பிக்க அதுதான் கடைசி இடம். ஆனால் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற 'ஆமாங்க' பழக்க தோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "நானு மேல பாக்கவே இல்லீங்க தம்பி."

இலைக்கு முன்னால்

வருஷக் கும்பிடுக்குப் பெரியண்ணன் வந்தார். தங்கைக்காக வந்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அக்காவின் போட்டோவுக்கு மாலை, பக்கத்தில் என் நெபுலாவுக்கும் ஒரு மாலை. கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவர், படத்தின் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, மரியாதையாகத்தான் கேட்டார். நான்கு மணி நேர வெளிச்சம் என்றால் என்ன? கேமரா நான்கு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடி திறந்திருக்கும் என்றேன். நடுவில் மேகமோ மஞ்சோ வந்தால்? படம் வராது என்றேன். ஒவ்வொரு பதிலும் சுத்தமான உண்மை, அதுதான் கொடுமை.

எதற்குக் கேட்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பக்கத்து இலையில் செம்மேட்டு விடுதி முதலாளி. எல்லா அறைக்கும் தேதி போட்ட படம் வேண்டும் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். பொன்னுசாமி அண்ணன் கையில் சாம்பார் வாளியோடு நின்று என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தத் தேதி பொய் என்று. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். பெரியண்ணன் பந்தி முழுக்கத் திரும்பிச் சொன்னார்: "நாலு மணி நேரம் ஒரு பொட்டு மேகமில்லாம இவரு படம் புடிச்சிருக்காரு. இவனுக்கு மட்டும் மஞ்சாமா மஞ்சு."

நோட்டு

அன்றைக்கே வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் என் கையெழுத்து: 'சாயங்காலத்திலிருந்து மஞ்சு. வாசல் மரம் தெரியவில்லை. கேமராவை எடுக்கவில்லை, படுத்துவிட்டேன்.' நான் போர்த்திக்கொண்டு தூங்கிய ராத்திரியில்தான் அவர் வளைவு வளைவாக இறங்கி நடந்திருக்கிறார். மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? ஒரு தேதி பொய் என்றால் எல்லாத் தேதியும் பொய். நாமக்கல் ஜோடி என்ன நினைக்கும், விடுதி முதலாளி என்ன சொல்வார். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். பயம்தான், வேறு பேர் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் பொன்னுசாமி அண்ணன் என் படங்களை வழக்கம்போல ஏற்றி வந்து, வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். மஞ்சைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

தைப் பொங்கல் கழித்து, நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எடப்புளி நாட்டுக்குப் போனேன். பெரியண்ணன் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாவிக்கு அப்போதும் நேராகப் பேச வரவில்லை. கீழே மஞ்சு இருந்தாலும் அதற்கு மேலே வானம் தெளிவாகத்தான் இருக்கும் என்று ஆரம்பித்தேன். அப்படியானால் நீங்கள் மஞ்சு மேலே ஏறி நின்றா படம் பிடித்தீர்கள் என்று அவர் ஏணியிலிருந்தே கேட்டார். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. தேதி பொய், நான்கு மணி நேரம் பொய், அன்றைக்கு நான் கேமராவையே தொடவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் இறங்கி வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். அந்த வரியை இரண்டு தடவை படித்தார். முந்தின பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் புரட்டினார். ஒரு நிமிஷம் அவர் முகம் இளகினது போலத்தான் எனக்குப் பட்டது. பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்: "தேதியயும் நீங்கதான் எழுதுனீங்க, மஞ்சையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. எம்மாப்ளைக்காவ எத வேணாலும் எழுதுவீங்களாட்ட இருக்குது."

வண்டியடியில்

அங்கிருந்து நேராகச் செம்மேட்டுக்கு வந்தேன். பொன்னுசாமி அண்ணன் வாழைத்தார் ஏற்றிய வண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கயிற்றை விட்டுவிட்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

கும்பிடு முடிந்ததிலிருந்து தினமும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கேமரா பொய் சொல்லாது, அப்படியானால் பொய் சொன்னது தன் கண்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் மஞ்சில்லாத ராத்திரியாகப் பார்த்து, லோடு இல்லாமல், தனியாக எழுபது வளைவும் இறங்கிப் பார்த்திருக்கிறார். எங்கேயும் இறங்கி நடக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து சுதாவுக்கு போன் போட்டு, மாமன் சொல்வதுதான் சரி, நான்தான் பயத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி உங்கம்மாவை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. இதையெல்லாம் அவர் என் மேல் ஒரு துளி கோபமில்லாமல் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சுதாவை அங்கிருந்தே அழைத்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம்தான் கிடைத்தாள். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி அப்பாவிடம் வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரியண்ணன் இன்றுவரை அந்த வாசலை மிதிக்கவில்லை. விடுதி முதலாளியிடம் நானே போய்ச் சொல்லி, எல்லாப் படத்தையும் இறக்கினேன். கூப்பிடக்கூடிய வாடிக்கையாளர்களையெல்லாம் கூப்பிட்டேன், பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் பரவாயில்லை, சுவரில் அழகாகத்தான் இருக்கிறது என்றார்கள். எதுவும் எனக்கு ஒட்டவில்லை. அன்றைக்கு வண்டியடியில், நோட்டில் இருந்த அந்த வரியை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதுதான் இன்னும் காதுக்குள் இருக்கிறது: "அப்ப அது மஞ்சுதானுங்களா தம்பி? எங்கண்ணுத் தண்ணி இல்லீங்களே?"

இப்போதெல்லாம் படத்தின் கீழே எத்தனை ராத்திரி சேர்ந்தது என்று மட்டும்தான் எழுதுகிறேன், சக பாவிகளே; வருகிறவர்கள் தேதி எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் காலண்டர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.